மித்தி ஆற்றின் இக்கரை: தொழில்நுட்பத்தை நம்பத் தயங்குவோரின் நியாயம்

மித்தி ஆற்றுக்கு அக்கரையில் பாந்திரா–குர்லா வளாகம், இக்கரையில் தாராவி. பிகேசி என்று மும்பைக்காரர்கள் சுருக்கிச் சொல்லும் அந்த வளாகத்தில்தான் நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷனின் அலுவலகம் இருக்கிறது. அந்த நிறுவனம் உருவாக்கிய யுபிஐ முறையை 2016 ஏப்ரல் 11 அன்று அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் இதே நகரத்தில் தொடங்கிவைத்தார். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் அதன் வழியாக நடந்தன. இக்கரையில், விடிவதற்கு முன்பே இட்லி அவித்து, பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் நகரமெங்கும் கொண்டுபோகும் தமிழர்களின் வண்டியிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. கண்ணாடி உறை போட்டு, மழை படாமல், சட்னி தெறிக்காமல் பத்திரமாகக் கட்டியிருக்கிறார்கள்.

இவர்களைத் தொழில்நுட்பத்துக்கு அஞ்சுகிறவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதே இட்லி வியாபாரி அரிசிக்கும் உளுந்துக்கும் ரொக்கம் கொடுக்கிறார். சீட்டுப் பணத்தைத் தெருவில் சீட்டுப் பிடிக்கும் அக்காவிடம் நோட்டாகவே கட்டுகிறார். அக்கா கோடு போட்ட நோட்டில் அவர் பெயருக்கு நேரே தொகையை எழுதி, அவர் கண்முன்னே கூட்டிக் காட்டுகிறார். திருநெல்வேலிப் பக்கம் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஜிபேயில் பணம் போட யோசிக்காதவர், அன்றாட வசூல் முழுவதும் போனுக்குள் போய்விடக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறார்.

படித்தவர்களில் சிலர் இதை அறியாமை என்கிறார்கள். கொஞ்சம் கரிசனம் உள்ளவர்கள் டிஜிட்டல் எழுத்தறிவு போதவில்லை என்று சொல்லிப் பயிற்சி முகாம் நடத்தக் கிளம்புகிறார்கள். இரண்டு பேரும் இந்தத் தயக்கத்தைத் தவறாகப் படிக்கிறார்கள் என்பதே என் கருத்து. ஒரு கருவி கைவிட்டால் போக வேறு வழி இருக்க வேண்டும். தவறு நடந்தால் போய்க் கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருக்கும் இடத்தில் மக்கள் எந்தப் புதுக் கருவியையும் ஆவலோடு எடுத்துக்கொள்கிறார்கள். கருவி வந்த கையோடு பழைய வழியை அடைத்துவிடும் இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்ற மூன்று தமிழ்ப் பேட்டைகளின் அனுபவமும் இதைத்தான் காட்டுகிறது.

முதலில் பணம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, வாரக்கூலி நோட்டாகவே கைமாறிய தாராவியின் தோல் பட்டறைகளும் தையல் கூடங்களும் ஸ்தம்பித்தன. அந்த அடிக்குப் பிறகு மக்கள் ரொக்கத்தைக் கைவிட்டிருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். 2024 மார்ச்சில் அது 35 லட்சம் கோடியைத் தொட்டது. யுபிஐ வளர்ந்த அதே ஆண்டுகளில் ரொக்கமும் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கிறது. பொருளாதார வளர்ச்சியும் விலைவாசியும் இதில் சேர்ந்துள்ளன என்றாலும், ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்ற கணக்கு பொய்த்துவிட்டது. ஒரு வழி ஒரே இரவில் அடைபடக்கூடும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் இரண்டு வழிகளையும் திறந்தே வைத்துக்கொண்டார்கள்.

அதற்கான காரணங்களும் தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. 2023இல் கேரளத்தில் சிறு வியாபாரிகள் பலருடைய வங்கிக் கணக்குகள் திடீரென்று முடக்கப்பட்டன. எங்கோ ஒரு மாநிலத்தில் நடந்த மோசடியின் பணம் பல கை மாறி, கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவரின் யுபிஐ வழியாக அவர்கள் கணக்கில் விழுந்திருந்தது. முன்பின் தெரியாத ஊரின் போலீஸ் நிலையத்துக்குக் கடைக்காரர் அலைய வேண்டியதாயிற்று. 2025 ஜூலையில் பெங்களூரில் வணிக வரித்துறை, யுபிஐ வரவுகளைக் கூட்டிப் பார்த்து, ஆண்டு விற்பனை வரம்பைத் தாண்டிவிட்டதாகச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. தள்ளுவண்டிகளிலும் காய்கறிக் கடைகளிலும் ‘யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்’ என்று அட்டைகள் முளைத்தன. வரி விதிப்பது சரியா என்பது தனி விவாதம். கவனிக்க வேண்டியது வேறு: ‘சில்லறைத் தொல்லை இல்லை’ என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட வசதி, வாங்கியவருக்குத் தெரியாமலே அவரைப் பற்றிய ஆவணமாகவும் ஆகிவிட்டது. பிறகு அவர் அதை நம்பத் தயங்குவதில் என்ன வியப்பு?

இந்தத் தயக்கம் மும்பைக்குப் புதிதல்ல. 1928 ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை ஆறு மாதம் இந்நகரின் பஞ்சாலைகள் மூடிக் கிடந்தன. சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர் வேலைக்குப் போகவில்லை. ஒரே நெசவாளி இரண்டு தறிக்குப் பதில் மூன்று தறிகளைப் பார்க்க வேண்டும், நூற்பாளர் கூடுதல் பக்கங்களைக் கவனிக்க வேண்டும் என்று ஆலை முதலாளிகள் கொண்டுவந்த சீரமைப்பு அந்தப் போராட்டத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்று. தறியை உடைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. மிச்சமாகும் கூலி யாருக்கு, வேலை போகிறவன் எங்கே போவான் என்றுதான் கேட்டார்கள். இங்கிலாந்தில் 1811 முதல் சில ஆண்டுகள் பின்னல் இயந்திரங்களை உடைத்த லுட்டைட்டுகளை உலகம் இன்றும் இயந்திர எதிரிகள் என்றே நினைவில் வைத்திருக்கிறது. அவர்கள் அந்த இயந்திரங்களில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து தேர்ந்த கைத்தொழிலாளர்கள். கூலியைக் குறைக்கவும் மட்டமான துணி நெய்யவும் அவை பயன்பட்டதைத்தான் எதிர்த்தார்கள்.

இந்தக் கேள்வியை மிகத் தெளிவாகக் கேட்ட தமிழர் ஒருவர் அதே 1920களில் பம்பாயில்தான் இருந்தார். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, பம்பாயில் ‘கார்னீலியஸ் அண்ட் தாவர்’ என்ற தணிக்கை நிறுவனத்தை நடத்திய ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். பின்னாளில் ஜே. சி. குமரப்பா. 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு கோட்டும் சூட்டும் போயின, கணக்குப் பார்க்கும் புத்தி போகவில்லை. ஒரு கருவி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதோடு அவர் கணக்கு முடியாது. அது யார் கையில் இருக்கிறது, கெட்டால் ஊரிலேயே சரிசெய்ய முடியுமா, அதை நம்பி இருப்பவன் அதற்கு அடிமையாகிறானா என்றும் பார்த்தார். 1945இல் வெளிவந்த அவருடைய ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய நூலைப் பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்லும் புத்தகமாக ஒதுக்கியவர்கள் உண்டு. ஒரு தணிக்கையாளர் எழுதிய இடர் கணக்காக அதைப் படித்தால் இன்றைய தாராவிக்கு மிக நெருங்கி வருகிறது. காந்தியும் எல்லா இயந்திரத்தையும் மறுக்கவில்லை. சிங்கர் தையல் இயந்திரத்தை அவர் மனமாரப் பாராட்டியிருக்கிறார். தாராவியின் சந்துகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் தையல் இயந்திரம், உட்கார்ந்திருப்பவரின் சொந்தப் பொருளாகவும், கெட்டால் பக்கத்துத் தெரு மெக்கானிக் சரிசெய்துவிடக் கூடியதாகவும் இருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாட்டுங்காவின் கதை வேறு விதம். இங்கே வந்த தமிழர்களில் பெரும்பாலோர் ஓர் இயந்திரத்தை நம்பித்தான் ரயில் ஏறினார்கள். டைப்ரைட்டிங் ஹையரும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்த சான்றிதழ்தான் அவர்களுடைய மூலதனம். கோட்டைப் பகுதி அலுவலகங்களில் டைப்பிஸ்ட், ஸ்டெனோ, குமாஸ்தா என்று உட்கார்ந்தார்கள். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிக் குடியேறி, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் பிறகு சண்முகானந்தா சபையையும் உருவாக்கினார்கள். 1955இல் கோத்ரெஜ் நிறுவனம் உள்நாட்டிலேயே டைப்ரைட்டர் செய்யத் தொடங்கியபோது அதன் விசைகளை அடிக்க இந்நகரில் விரல்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆக, புதுக் கருவியைக் கண்டு ஒதுங்கும் மரபு மாட்டுங்காவுக்குக் கிடையாது.

ஆனால் அதே மாட்டுங்காவின் வங்கி ஊழியர்கள் 1980களில் கம்ப்யூட்டரை எதிர்த்து வாயிற்கூட்டம் போட்டார்கள். அதற்கு முன்பே, 1960களில், கல்கத்தாவின் இலாகோ ஹவுஸ் கட்டடத்தில் எல்ஐசி கம்ப்யூட்டரை நிறுவவிடாமல் காப்பீட்டு ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். வங்கிகளில் 1983 செப்டம்பர் 8 அன்று நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே முதல் ஒப்பந்தம் ஏற்பட்டது. எந்த வகை இயந்திரம், எத்தனை கிளைகளில், எந்த வேலைக்கு என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டன. ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் அறிக்கை தந்தது, இரண்டாவது குழு 1989இல் தந்தது. 1993 அக்டோபரில் விரிவான ஒப்பந்தம் வந்தது. பத்தாண்டுகள் பேசிப் பேசி, படிப்படியாக, யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் கம்ப்யூட்டர் உள்ளே வந்தது.

அந்தப் பத்தாண்டுத் தாமதத்தால் நாடு பின்தங்கியது என்று சொல்பவர்கள் உண்டு. வாடிக்கையாளர் வரிசையில் நின்று இழந்த நேரம் உண்மையான இழப்புதான், அதை மறுக்கவில்லை. ஆனாலும் அந்தத் தயக்கத்தை நான் வீண் என்று எண்ணவில்லை. சங்கம் என்று ஒன்று இருந்ததால் ஊழியரின் அச்சத்துக்கு ஒரு மேசையும் நாற்காலியும் கிடைத்தன. எதிர்த்தவரோடு உட்கார்ந்து பேசி, பேசியதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இன்றைக்கு வாடிக்கையாளர் தலையில் இறங்கும் மாற்றங்களுக்கு அப்படி ஒரு மேசை கிடையாது. ‘புதுப்பித்தால்தான் ஆப் திறக்கும்’ என்று திரையில் வருகிறது. அழுத்தினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நவம்பர் மாதம் எந்தப் பொதுத்துறை வங்கிக்குள் நுழைந்தாலும் அந்த மேசையைத் தேடுகிறவர்களைப் பார்க்கலாம். ரயில்வே, துறைமுகம், பாபா அணு ஆராய்ச்சி மையம், வங்கி என்று ஓய்வு பெற்றவர்கள் ஆயுள் சான்று கொடுக்க வந்திருப்பார்கள். 2014 நவம்பர் 10 முதல் ‘ஜீவன் பிரமாண்’ என்ற மின்னணு முறை இருக்கிறது. போன் கேமராவில் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதியும் பின்னர் வந்துவிட்டது. அணு உலையோடு வாழ்நாள் முழுவதும் வேலை செய்தவர்கள் இவர்களில் இருக்கிறார்கள். இவர்களுக்கா போன் புரியாது? ஆனாலும் நேரில் வந்து, கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் படிவத்தை நீட்டி, ரசீதில் முத்திரை குத்தித் தரச் சொல்கிறார்கள். அப்படியே பாஸ்புக்கையும் கொடுத்து என்ட்ரி போட்டு வாங்கிக்கொள்கிறார்கள். முத்திரை குத்திய ரசீது இருந்தால் டிசம்பரில் பென்ஷன் வராதபோது கொண்டுபோய்க் காட்டலாம். ‘சமர்ப்பிக்கப்பட்டது’ என்ற பச்சை எழுத்தைத் திரையில் பார்த்தவர் யாரிடம் போய் எதைக் காட்டுவார்?

இவர்கள் பயப்பட இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. போலீஸ் சீருடையில் வீடியோ அழைப்பில் வந்து ‘டிஜிட்டல் கைது’ செய்துவிட்டதாக மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றி 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்க வேண்டிவந்தது. தனியாக இருக்கும், சேமிப்பு உள்ள முதியவர்கள்தான் குறி. ஏமாந்தால் நஷ்டம் யாருடையது? 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, மூன்றாம் தரப்பின் ஊடுருவலால் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளர் பொறுப்பில்லை. ஆனால் ரகசிய எண்ணை அவரே சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது அனைத்தும் அவருடைய நஷ்டம். மோசடிகளில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைதான். அதாவது கருவியின் வேகத்தால் வரும் லாபம் எல்லோருக்கும் பொது. அதே வேகத்தால் வரும் இழப்பு மட்டும் எழுபது வயதுக்காரருக்கு. இந்தப் பங்கீட்டைப் புரிந்துகொண்டுதான் அவர் பாஸ்புக்கோடு வரிசையில் நிற்கிறார்.

ஓடிபியை எவரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி சொல்கிறது. அதே மக்களை ஓடிபி சொல்லப் பழக்குவது எது என்று பார்க்க ரேஷன் கடைக்குப் போக வேண்டும். தாராவியில் ஒரு கடையில் நான் பார்த்தது இது. முறுக்குச் சுற்றிக் கடைகளுக்குப் போடும் தொழில் செய்கிற ஓர் அம்மா வந்திருந்தார். பல ஆண்டு எண்ணெய்ச் சூட்டிலும் மாவிலும் அவர் விரல் நுனிகள் மழுங்கி வழவழவென்று இருந்தன. வலக்கை ஆள்காட்டி விரலை இயந்திரத்தில் வைத்தார். சிவப்பு விளக்கு. “கையத் தொடச்சிட்டு வைங்கம்மா” என்றான் கடைப் பையன். முந்தானையில் அழுத்தித் துடைத்து வைத்தார், மறுபடி சிவப்பு. கட்டைவிரல், இடக்கை, மோதிர விரல். “எனக்கு எப்பவும் ரேகை விழாது தம்பி, போன மாசமும் இப்படித்தான்” என்றார். ஓடிபி முறைக்கு மாற்றினார்கள். அது மகன் போனுக்குப் போயிற்று. மகன் வாஷியில் வேலையில் இருந்தான். பக்கத்தில் நின்றவரின் போனை வாங்கி மகனை அழைத்து, “நம்பர் வந்திருக்கு பாரு, சொல்லு” என்றார். மகன் சொன்ன எண்களை அவர் உரக்கத் திருப்பிச் சொல்ல, பையன் தட்டினான். அரிசி கிடைத்தது. ரகசிய எண்ணைக் கடைத்தெருவில் கூவிச் சொல்லவைத்துத்தான் அரசு அவருக்கு அரிசி தருகிறது. நாளை ஒருவன் போனில் ‘ரேஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், நம்பர் சொல்லுங்க’ என்றால் அவர் ஏன் சொல்ல மாட்டார்?

தோல் பதனிடும் கை, களிமண் பிசையும் கும்பார்வாடாவின் கை, பாத்திரம் தேய்க்கும் கை, சிமென்ட் கலக்கும் கை எல்லாம் இந்த விளக்கின் முன் ஒன்றுதான். ரேகை விழாவிட்டாலும் ரேஷன் மறுக்கப்படக் கூடாது என்று அரசு ஆணை இருக்கிறது. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் சட்டத்தின் பெரும்பகுதியைச் செல்லும் என்று சொன்ன உச்ச நீதிமன்றமும் இந்த விலக்கலைப் பற்றிக் கவலைப்பட்டது. நடைமுறையில் மாற்று வழியைத் திறந்துவிடும் அதிகாரம் கடைக்காரர் மனத்தைப் பொறுத்தே இருக்கிறது. கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக பொருளாதார அறிஞர்களும் ஜார்க்கண்டில் நடத்திய பெரிய கள ஆய்வு இதை எண்ணிக்கையாலும் காட்டியது. விரல்ரேகைச் சோதனை வந்ததால் ரேஷன் கசிவு குறிப்பிடும்படி குறையவில்லை. பொருள் வாங்குவதற்கான அலைச்சல் கூடியது. அட்டையோடு ஆதாரை இணைத்திராத குடும்பங்களுக்குக் கிடைத்தது சுமார் 10 சதவீதம் குறைந்தது. அரசின் திருட்டுத் தடுப்புக் கருவி திருடாதவரைத்தான் பெரிதும் சோதித்தது.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவத்தையும் தாராவி கண்டிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். மறுநாள் மத்திய அரசு ‘ஆரோக்ய சேது’ ஆப்பை வெளியிட்டது. அருகில் வந்த போன்களை ப்ளூடூத் வழியே குறித்துக்கொண்டு தொடர்பைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் இருக்கும் இடத்தில், ஒரு தகரச் சுவருக்கு இரு பக்கமும் இரு குடும்பங்கள் தூங்கும் இடத்தில், யார் யாருக்கு அருகில் இருந்தார் என்று போன் என்ன சொல்லும்? மக்களில் 80 சதவீதம் பேர் 450 பொதுக் கழிப்பறைகளை நம்பி இருந்தார்கள். ஊரே ஊருக்கு அருகில்தான் இருந்தது. மாநகராட்சி வேறு வழியில் போயிற்று. சந்துக்குள்ளேயே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள் கவச உடை போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி வெப்பமானியும் ஆக்ஸிமீட்டரும் வைத்துப் பார்த்தார்கள். கழிப்பறைகள் நாளுக்குப் பலமுறை கழுவப்பட்டன. பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் தனிமைப்படுத்தும் இடங்களாயின. ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். வெப்பமானியும் ஆக்ஸிமீட்டரும் கருவிகள்தானே, அவற்றை யாரும் மறுக்கவில்லை. பத்து வருடமாகக் காய்ச்சலுக்கு ஊசி போட்ட டாக்டர் கையில் அவை இருந்தன. ‘உனக்கு ஒன்றானால் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல ஆள் இருந்தது.

அடுத்த ஆண்டே அந்தப் பாடம் மறக்கப்பட்டது. 2021 மே 1 முதல் 18–44 வயதினர் கோவின் தளத்தில் முன்பதிவு செய்தால்தான் தடுப்பூசி என்றார்கள். வேகமான இணையமும் ஆங்கிலமும் உள்ளவர்கள் வேறு பேட்டைகளிலிருந்து வந்து இடம் பிடித்துப் போட்டுக்கொண்டு போனார்கள். உச்ச நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டைக் கேள்விக்கு உட்படுத்தியது. ஜூனில் எல்லா மையங்களிலும் நேரடிப் பதிவுக்கு வழி திறந்தது.

செம்பூரில் கேள்வி ஆகாயத்தில் தொங்கியது. 2014 பிப்ரவரியில் செம்பூரிலிருந்து வடாலா வரை சுதந்திர இந்தியாவின் முதல் மோனோரயில் ஓடத் தொடங்கியது. 2017 நவம்பரில் மைசூர் காலனி நிலையத்தில் பெட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. பயணிகள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. சுமார் பத்து மாதம் சேவை நின்றது. அதன் பிறகும் செம்பூர்க்காரர்கள் அதிகம் ஏறவில்லை. 2025 ஆகஸ்ட் 19 அன்று பெருமழையில் ஹார்பர் லோக்கல் நின்றுபோக, வேறு கதியில்லாமல் கூட்டம் மோனோவில் ஏறியது. எடை தாங்காமல் அதே மைசூர் காலனி அருகே வண்டி நின்றது. மின்சாரம் போய், ஏசி நின்று, திறக்க முடியாத கதவுகளுக்குள் ஜனங்கள் மூச்சுத் திணறினார்கள். தீயணைப்புப் படை ஏணி வைத்து அந்த ஒரு வண்டியிலிருந்து மட்டும் 582 பேரை இறக்கியது. அடுத்த மாதம் சேவையே நிறுத்தப்பட்டது. லோக்கல் ரயில் நின்றால் மும்பைக்காரன் தண்டவாளத்தில் குதித்து நடந்துவிடுவான், 2020 அக்டோபர் 12 அன்று நகரமே இருண்டபோது அப்படித்தான் நடந்தார்கள். தூணுக்கு மேலே ஓடும் வண்டியிலிருந்து எங்கே குதிப்பது? நின்றால் இறங்க வழி இருக்கிறதா என்று மோனோவின் வடிவமைப்பாளர்கள் கேட்டிருக்க வேண்டும். ஏறாமல் இருந்தவர்கள் கேட்டார்கள்.

தயக்கம் கருவியையே திருத்திய கதை ஒன்றும் நமக்குச் சொந்தமாக இருக்கிறது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை பாரத் எலெக்ட்ரானிக்ஸில் உருவாக்கிய குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் நம் எழுத்தாளர் சுஜாதா. 1982இல் கேரளத்தின் பரவூரில் அது முதலில் பயன்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவைச் செல்லாததாக்கியது. 1989இல் சட்டம் திருத்தப்பட்டது. ‘நான் அழுத்தியது அங்கேதான் விழுந்ததா’ என்ற கேள்வி அதன் பிறகும் விடவில்லை. வழக்குகள் நடந்து, 2013இல் வாக்காளர் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் காகிதச் சீட்டு, விவிபாட், சேர்ந்தது. அந்தக் காகிதங்களை எவ்வளவு எண்ண வேண்டும் என்ற சண்டை இன்னும் நடக்கிறது, நடக்கட்டும். சந்தேகப்பட்டவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் காகிதமே வந்திருக்காது.

இப்போது இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் அதானி குழுமத்துக்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்கு. 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் கணக்கெடுப்பு தொடங்கியது. வீடுகளுக்கு எண் போட்டார்கள். ட்ரோன் மேலே பறந்தது. லிடார் என்ற லேசர் கருவி சந்து சந்தாக அளந்து, தாராவியின் மின்னணுப் பிரதி ஒன்றை உருவாக்கியது. ஊழியர் டேப்லெட்டில் ஆவணங்களைப் படம் எடுத்துக்கொண்டார். பல இடங்களில் மக்கள் கதவைத் திறக்க மறுத்தார்கள், எண் போட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். முன்னேற்றத்தைத் தடுப்பவர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது.

அவர்கள் பக்கம் நின்று பார்த்தால்? 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதாக நிரூபிப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. அதற்குப் பின் வந்தவருக்கு வேறெங்கோ, பணம் கட்டி. மேல்மாடியில் குடியிருப்பவருக்கு வாடகைக் குடியிருப்பு, அதுவும் தாராவிக்கு வெளியே. டேப்லெட்டில் விழும் ஒரு பதிவு ஒரு குடும்பம் இங்கே இருக்குமா, போகுமா என்று தீர்மானிக்கிறது. லேசருக்கு இரும்பு ஏணியின் அகலம் தெரியும். அந்த ஏணியில் ஏறி முப்பது வருடமாக வாடகை கொடுத்து வருகிறவரிடம் ரசீது கிடையாது என்பதும், ஏன் கிடையாது என்பதும் தெரியாது. பட்டியல் என்பதன் இன்னொரு முகத்தை மும்பைத் தமிழர்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள். 1960களில் ‘மார்மிக்’ வார இதழ், டெலிபோன் டைரக்டரியிலிருந்து அலுவலக அதிகாரிகளின் பெயர்களை எடுத்து, எவ்வளவு தென்னிந்தியர் பாருங்கள் என்று அச்சிட்டது. அதைத் தொடர்ந்து கிளம்பிய வெறுப்பில் உடுப்பிக் கடைகளும் தமிழர் வீடுகளும் கல்லடி பட்டன. போன் நம்பர் தேடுவதற்காக அச்சிட்ட புத்தகம் அது. எதற்காகத் திரட்டப்பட்டதோ அதற்கு மட்டுமே ஒரு தகவல் பயன்படும் என்று நம்புவதற்கு இந்த ஊரில் ஆதாரம் இல்லை.

எனவே கதவைத் திறக்க மறுத்தவர்களிடம் பேசுகிறவர்கள் லேசரின் துல்லியத்தைப் பற்றி இனியும் விளக்க வேண்டியதில்லை. ஊழியர் டேப்லெட்டில் என்ன எழுதினார் என்பதன் நகலை, மராத்தியிலும் தமிழிலும் இந்தியிலும், தேதியும் கையொப்பமும் இட்டு, வாசலை விட்டுப் போகும் முன் வீட்டுக்காரர் கையில் கொடுக்கட்டும். மேல்மாடிக்காரருக்கும் கொடுக்கட்டும். தகுதிப் பட்டியலுக்கு ஆட்சேபம் சொல்ல நடைமுறை உண்டு. அதை இணையதளத்தோடு நிறுத்தாமல், தாராவிக்குள்ளேயே ஓர் அலுவலகத்தில், தமிழ் தெரிந்த, திருத்தும் அதிகாரமும் உள்ள ஒருவரை உட்காரவைக்கட்டும். காகிதம் இல்லாதவர்களுக்கு அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்ல ஒரு நாள் ஒதுக்கட்டும். ட்ரோனுக்கும் லிடாருக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இவை பெரிய செலவே இல்லை.